உச்சியில் சூரியன், திண்ணையில் சக்கரம்

மண் தொட்ட கைகள் – 9

சித்திரை பிறக்க ஒரு வாரம் இருக்கும்போது, கண்டியில் நண்பகலில் வெளியே நின்றால் நம் நிழலைத் தேட வேண்டியிருக்கும். அது காலடிக்குள் ஒதுங்கிவிடும். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முற்பகுதியில் சூரியன் இலங்கைக்கு நேர் மேலே உச்சம் கொடுக்கிறது. தெற்கிலிருந்து வடக்கே நகரும் அந்த வரிசையில் கண்டியின் முறை 8ஆம் திகதியை ஒட்டி வரும். குயவர் வீடுகளில் மூச்சுவிட நேரமில்லாத வாரமும் அதுதான். புத்தாண்டுக்குப் பால் பொங்கப் புது முட்டி வேண்டும். சமைக்கப் புதுச் சட்டி வேண்டும். ஊர் விளையாட்டில் கண்ணைக் கட்டிக்கொண்டு அடித்து உடைக்கவும் முட்டி வேண்டும்.

சென்ற வாரம் மண் எடுப்பதையும் மிதிப்பதையும் பார்த்தோம். இந்த வாரம் வெயில்.

கண்டியிலிருந்து கொழும்பு வீதியில் மாவனெல்லையைத் தாண்டி, கேகாலையை நெருங்கும்போது மொலகொட வரும். வீதியோரக் கடைகளில் சட்டி, பானை, பூச்சாடி, விளக்கு எல்லாம் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கும். இந்தத் தொழிலில் பட்டறை என்று தனியாக ஒன்று இருப்பது குறைவு. வீடுதான் பட்டறை. கண்டிய நாட்டுப்புறத்தின் பழைய வீடுகளில் முன்புறம் உயர்ந்த திண்ணை ஒன்று உண்டு. சிங்களத்தில் அதற்குப் 'பில' என்று பெயர். நெல் காய்வதும் விருந்தாளி உட்காருவதும் அங்கேதான். குயவர் வீடென்றால் சக்கரமும் அங்கேதான். 1908இல் ஆனந்த குமாரசுவாமி 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்ற பெருநூலில் கண்டிய கைவினைகளைப் பதிவு செய்தபோது மண்பாண்டத்துக்கும் இடம் கொடுத்தார். அன்று கையால் சுழன்ற சக்கரத்தைப் பல வீடுகளில் இன்று மோட்டார் சுழற்றுகிறது. கூரைதான் கெட்டுப்போயிற்று. அரைவட்ட நாட்டு ஓட்டின் இடுக்குகளால் வெக்கை வெளியேறும். தகரம் போட்டவர் வீட்டில் பத்து மணிக்கே அடுப்பு மூட்டியதுபோல் இருக்கும்.

"ஃபேன் போட்டுக்கொள்ளலாமே" என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் சிக்கல். இப்போது வனைந்து இறக்கிய பானையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீர் போகப் போக மண் சுருங்கும். எல்லாப் பக்கமும் ஒரே கதியில் சுருங்கினால் பானை பானையாக இருக்கும். காற்று ஒரு பக்கமாக அடித்தால் அந்தப் பக்கம் முதலில் இறுகும், மறுபக்கம் இழுக்கும், வாய் கோணும். விசிறிக் காற்று வேலை செய்பவருக்குச் சுகம், பானைக்கு நோய். அதனால் பச்சைப் பானை இருக்கும் இடத்தில் ஆள்தான் வியர்க்க வேண்டும்.

பானைக்குள்ளேயே ஒரு பாகம் இன்னொரு பாகத்தோடு போட்டி போடுகிறது. விளிம்பு மெல்லியது, சீக்கிரம் காயும். அடி தடித்தது, ஈரத்தை விடாது. கவனிக்காமல் விட்டால் வாயில் மயிரிழை போல ஒரு கீறல் விழும். அப்போது கண்ணுக்குத் தெரியாது. சூளையிலிருந்து வெளியே வரும்போது விரலே நுழையும். ஆகவே விளிம்புக்கு ஈரத்துணி சுற்றுவார்கள், அல்லது பொலித்தீனால் மூடுவார்கள்.

உருண்டை அடிப் பானைக்கு இன்னொரு கண்டம் உண்டு. சக்கரத்தில் கழுத்தும் தோளும் மட்டுமே உருவாகின்றன. அடியை, உள்ளே ஒரு கல்லைத் தாங்கிப் பிடித்து வெளியே பலகையால் தட்டித் தட்டித்தான் மூட வேண்டும். ஈரம் அதிகமென்றால் மண் பலகையோடு ஒட்டிக்கொண்டு வரும். காய்ந்துவிட்டால் முதல் தட்டிலேயே வெடிக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள பதம் மழைக்காலத்தில் நாட்கணக்கில் வராமல் இழுத்தடிக்கும். ஏப்ரலில் காலையில் வனைந்தது மதியத்துக்குள் பதத்தைத் தாண்டி ஓடிவிடும். விடியுமுன் சக்கரத்தில் உட்காருவதற்குக் காரணம் இதுதான்.

அதே வெயில் இல்லாமலும் முடியாது. தட்டி முடித்த பானை ஒட்ட உலர்ந்தால்தான் சூளைக்குப் போகலாம். உள்ளே ஈரம் மிஞ்சியிருந்தால் அது நீராவியாகிப் பானையை வெடிக்க வைக்கும். பக்கத்தில் இருப்பதையும் கூட்டிக்கொண்டு போகும். எனவே முற்றத்தில் வரிசையாக வெயிலுக்கு வைப்பார்கள். ஆனால் இது இரு பருவமழைகளுக்கும் இடைப்பட்ட காலம். காலையில் வானம் பளிச்சென்று இருக்கும். இரண்டு மணிக்கு மலைப் பக்கம் கறுக்கும். முதல் இடியோடு வீடே முற்றத்துக்கு ஓடும். பச்சை மண்ணில் மழை விழுந்தால் உழைப்பு மறுபடி சேறுதான்.

மழைக்கு முந்திய அந்தப் புழுக்கத்தில் ஒரு வேடிக்கை உண்டு. மண்பானை தண்ணீரைக் குளிர வைப்பதும் வியர்வை நம் உடலைக் குளிர வைப்பதும் ஒரே வித்தை. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் ஆவி போக இடமில்லை. பானைத் தண்ணீர் வெதுவெதுப்பாகவே கிடக்கும், வியர்வை காயாமல் வழியும். அந்த நாளில் பானையும் அதைச் செய்தவரும் ஒரே கட்சி.

தாகத்துக்கும் குயவருக்கும் கண்டியில் பழைய கணக்கொன்று இருக்கிறது. 1660இல் சிறைப்பட்டு, இரண்டாம் இராஜசிங்கனின் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தம் நூலில் அதைச் சொல்கிறார். உயர்குலத்தார் வீட்டில் தாகமெடுத்தால், தாழ்ந்தவர் என்று ஒதுக்கப்பட்டோர் இரு கைகளையும் வாயோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். வீட்டுக்காரர் மேலிருந்து ஊற்றுவார். குயவருக்கு மட்டும் விலக்கு. மூக்கு வைத்த கெண்டியை அவர்களே எடுத்து ஊற்றிக் குடிக்கலாம். அந்த உரிமையை யாரும் மனமிரங்கிக் கொடுக்கவில்லை. முதலில் மறுத்தார்கள். குயவர்கள் ஒன்றுகூடி, மூக்குக் கெண்டியைத் தங்களுக்கு மட்டுமே செய்வதென்றும் வெளியே விற்பதில்லை என்றும் முடிவெடுத்தார்கள். கெண்டியில்லாமல் தவித்தவர்கள் இறங்கி வந்தார்கள். சங்கம், கொடி, கோஷம் எதுவும் இல்லாத ஒரு வேலைநிறுத்தம்!

இன்று கெண்டியை நிறுத்தினால் யாருக்கும் உறைக்காது, பிளாஸ்டிக் போத்தல் இருக்கிறது. சோற்றுப் பானையை அலுமினியம் எப்போதோ எடுத்துக்கொண்டது. தயிர்ச் சட்டி இன்னும் தாக்குப்பிடிக்கிறது. ஆனால் சித்திரைப் பாலை அலுமினியத்தில் பொங்க வைக்க இந்த நாட்டில் பலருக்கு மனம் வராது. அந்தப் பழைய பிடி ஆண்டில் ஒரு வாரம் மட்டும் குயவர் கைக்குத் திரும்பி வருகிறது. சூரியன் உச்சியில் நிற்கும் நாளில், விசிறியை நிறுத்திவிட்டு அவர்கள் சக்கரத்தில் உட்கார்ந்திருப்பது அந்த வாரத்துக்காகத்தான்.

அடுத்த வாரம்: சூளை.

(தொடரும்)