ஏழு மலையும் செம்மரமும்

புத்தலப்பட்டிலிருந்து திருப்பதிக்குப் பெரிய சாலை போகிறது. பாகாலா, சந்திரகிரி வழியாகப் போகும். சந்திரகிரி தாண்டினால் இடது பக்கம் பாருங்கள். சிவந்த பாறை மதில் போல நிற்கும். அதுதான் சேஷாசல மலை.

சேஷன் என்றால் பாம்பு. ஆதிசேஷனே மலையாகக் கிடக்கிறான் என்பார்கள். அவனுடைய ஏழு தலைகள்தான் ஏழு மலை. வால் தொலைவில் ஸ்ரீசைலத்தில் இருக்கிறதாம்!

ஏழில் ஒன்று நீலாத்ரி. சாமியின் தலையில் அடிபட்டுக் கொஞ்சம் முடி போய்விட்டது. நீலாதேவி என்ற பெண் அதைப் பார்த்தாள். தன் கூந்தலை அறுத்துக் கொடுத்தாள். திருப்பதியில் மொட்டை போடுகிறார்களே, அந்த முடி அவளுக்குச் சேரும் என்பது கதை.

கோவிலுக்கு அருகில் சிலாதோரணம் இருக்கிறது. கல் வளைவு. சுமார் 25 அடி அகலம், 10 அடி உயரம். யாரும் கட்டியது அல்ல. காற்றும் மழையும் அரித்து உண்டானது. இந்தப் பாறை முன்பு மணலாக இருந்தது. அது இறுகிப் பாறையாகி நூறு கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது.

தமிழ்நாட்டின் வட எல்லை வேங்கடம் என்று பழைய நூல்கள் சொல்கின்றன. இந்த மலைதான் அது. 1911-ல் சித்தூர் மாவட்டம் உண்டானது. 1953-ல் அது ஆந்திரத்துடன் போயிற்று. 1960-ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. 2022-ல் திருப்பதி தனி மாவட்டம் ஆயிற்று. எல்லை மாறினாலும் இங்கே தமிழும் தெலுங்கும் சேர்ந்தே கேட்கும்.

மரப்பாச்சி பொம்மை தெரியும் அல்லவா? கொலுவில் ஜோடியாக நிற்குமே, அதுதான். அதைச் செம்மரத்தில் செய்வார்கள். செம்மரம் இந்த மலையிலும் இதை ஒட்டிய சில மலைகளிலும்தான் தானாக வளரும். வேறு நாடுகளில் இயற்கையாக இல்லை. மெதுவாக வளரும். கட்டை தண்ணீரில் மூழ்கும், அத்தனை கனம். வெளிநாட்டில் இதற்குப் பெரிய விலை. அதனால் திருட்டு.

மரத்தை வெட்டுபவர் ஏழைக் கூலி ஆட்கள். பலர் தமிழ்நாட்டின் மலையூர்க்காரர்கள். தரகர் வந்து முன்பணம் தருவார். நல்ல கூலி என்பார். சிலரிடம் என்ன வேலை என்றே சொல்ல மாட்டார். பிடிபட்டால் பல ஆண்டு சிறை. 2015 ஏப்ரல் 7 அன்று இந்தக் காட்டில் போலீசார் சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். மரம் வெட்ட வந்தவர்கள், தாக்கினார்கள் என்றது போலீஸ். பிடித்து வைத்துச் சுட்டார்கள் என்றார்கள் உறவினர்கள்.

காவலில் இருப்பவருக்குப் பணம் இல்லாவிட்டாலும் வக்கீல் உண்டு. மாவட்ட நீதிமன்றத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. வீட்டார் அங்கே மனு எழுதிக் கொடுக்கலாம். கட்டணம் கிடையாது.