புதுசு போடும் முன் பழசை எடுத்து வை!



இந்தப் பகுதியில் வரும் கடிதங்களைப் பல வருடமாகப் படித்து வருகிறேன். பட்டுப்புடவைக் கறைக்கு ஒரு யோசனை, மருமகளை அனுசரித்துப் போக ஒரு யோசனை என்று எத்தனையோ எழுதுகிறீர்கள். நான் எழுதப் போவது கம்ப்யூட்டரைப் பற்றி. 'ஐயோ, அது நமக்கெதுக்கு?' என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். நானும் அப்படி நினைத்துத்தான் பட்டேன்.

எங்களுக்குக் கொடைக்கானல், நாயுடுபுரம். என் வீட்டுக்காரர் பூம்பாறை பக்கம் குத்தகைக்கு நிலம் எடுத்துப் பூண்டு போடுகிறார். எனக்குத் தையல். 2011-ல் நகையை அடகு வைத்து ஒரு கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் வாங்கினேன். எங்கள் ஊரில் விடுதிப் பள்ளிகள் அதிகம். குளிர் ஊர் என்பதால் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் இல்லாமல் முடியாது. அந்த ஸ்வெட்டர்களில் பள்ளிச் சின்னம் போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. மெஷினோடு ஒரு கம்ப்யூட்டரும் வந்தது. அதில் இருந்தது விண்டோஸ் 7. சின்னம் வரையும் சாப்ட்வேரும் அதற்கு ஏற்றதுதான்.

பதினோரு வருடத்தில் அதில் சேர்ந்தவை கொஞ்சமா? நூற்றுக்கும் மேற்பட்ட டிசைன்கள், எங்கள் மகளிர் குழுவின் கடன் கணக்கு, பிறகு... அம்மாவின் போட்டோக்கள்.

2006-ல் குறிஞ்சி பூத்த வருடம். பழநியிலிருந்து அம்மாவை அழைத்து வந்திருந்தேன். குறிஞ்சி ஆண்டவர் கோயில் பக்கம், பூத்த புதர்களுக்கு நடுவே அம்மாவை நிறுத்தி, துபாயிலிருந்து வந்த தம்பி தன் டிஜிட்டல் கேமராவில் பத்தொன்பது படம் எடுத்தான். ஒரு சிடியில் போட்டும் கொடுத்தான். கம்ப்யூட்டர் வந்ததும் அந்தப் படங்களை அதில் ஏற்றினேன். 'ஏற்றியாச்சே, இனி இது எதுக்கு?' என்று அந்த சிடியைத் தோட்டத்தில் குருவி விரட்டக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டேன். மூன்று மழைக்கு அது வெளுத்துப் போனது. 2015-ல் அம்மாவும் போய்விட்டார்கள்.

விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்று விட்டது. 'மாத்தும்மா, வைரஸ் வந்திடும்' என்று கோவையில் படிக்கும் மகன் போனில் சொல்லிக்கொண்டே இருந்தான். 2022 ஏப்ரலில்தான் எனக்கு நேரம் வந்தது. பஸ்ஸில் பெட்டியை ஏற்றி, மலை இறங்கி, ஒரு கடையில் கொடுத்தேன். "பேக்கப் வேணுமாக்கா?" என்று கேட்டார் அந்தத் தம்பி. அது என்ன என்று கேட்க வெட்கமாக இருந்தது. "எல்லாம் அப்படியே இருந்தா சரி" என்றேன். "இருக்கும்க்கா" என்றார்.

வீட்டுக்கு வந்து திறந்தால், பளிச்சென்று விண்டோஸ் 10. ஆனால் துடைத்து வைத்த எவர்சில்வர் தட்டு மாதிரி உள்ளே ஒன்றுமே இல்லை! மெஷினின் சாப்ட்வேர் இல்லை. டிசைன் இல்லை. குழுக் கணக்கு இல்லை. ஜூனில் பள்ளி திறக்கும், 260 ஸ்வெட்டர் ஆர்டர் கையில் இருக்கிறது. எனக்குக் கை கால் ஓடவில்லை.

மெஷின் சிடியைத் தேடி எடுத்துப் போட்டுப் பார்த்தேன். புது விண்டோஸ் அதை ஏற்கவில்லை. கம்ப்யூட்டர் மெஷினோடு பேச 'டிரைவர்' என்று ஒரு சின்ன சாப்ட்வேர் வேண்டுமாம். விண்டோஸ் 10-க்கு ஏற்ற டிரைவரை அந்த மெஷினுக்கு யாரும் செய்யவில்லை. பழைய விண்டோஸையே திரும்பப் போட்டால்தான் உண்டு.

அதற்கு எங்கே போவது? மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 7-ஐ விற்பதை நிறுத்தி வெகு நாளாகிறது. தன் இணையதளத்திலிருந்தும் எடுத்து விட்டது. தெரிந்தவர் ஒருவர் 400 ரூபாய்க்கு ஒரு டிவிடி கொடுத்தார். போட்டதும் திரையெங்கும் விளம்பரம்! அதையும் அழித்து, மறுபடி போட்டு, மறுபடி அழித்து, இப்படியே எட்டு நாள் போனது.

ஒன்பதாம் நாள் ராத்திரி பாத்திரம் கழுவும்போதுதான் அம்மாவின் போட்டோ நினைவுக்கு வந்தது. பிழைப்பு போச்சே என்று பதறியவளுக்கு, பெற்றவள் முகம் ஒன்பது நாள் கழித்துத்தான் ஞாபகம் வந்தது. இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அக்கா மகன் பழநியில் இன்ஜினியர். ஞாயிற்றுக்கிழமை மலை ஏறி வந்தான். எல்லாம் கேட்டுவிட்டு, "சித்தி, தப்பு கடைக்காரர் மேல பாதி, உங்க மேல பாதி" என்றான். "அழிஞ்சதுன்னு தெரிஞ்ச நிமிஷமே பெட்டியை நிறுத்தியிருந்தா, கொஞ்சமாவது மீட்டிருக்கலாம். உங்க பெட்டி மாதிரி பழைய சுத்துற டிஸ்க்ல, அழிச்சது உடனே போயிடாது. அதுக்கு மேல புதுசா எழுதினாத்தான் போகும். நீங்க மேல மேல நாலு தடவை எழுதிட்டீங்க."

ஏதோ என் புண்ணியம், மெஷின் உறைக்குள்ளேயே கம்ப்யூட்டரோடு வந்த அசல் விண்டோஸ் 7 டிவிடியும் கிடந்தது. கொடைக்கானல் ஈரத்தில் பூஞ்சை பூத்திருந்தது. மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்தான். பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த 25 எழுத்துச் சாவியை டார்ச் அடித்துப் படித்தோம். மெஷின் ஓடியது! ஆனால் டிசைன்களை முதலிலிருந்து வரைய வேண்டியிருந்தது. பாதி ஆர்டர் வேறு கைக்குப் போய்விட்டது. குழுக் கணக்கைப் பாஸ் புத்தகங்களை வைத்து இரண்டு மாதம் உட்கார்ந்து திருப்பி எழுதினோம்.

பத்தொன்பது படத்தில் கிடைத்தது ஒன்றே ஒன்று. அக்கா அதை அப்போதே பிரிண்ட் போட்டுப் பூஜை அறையில் மாட்டியிருந்தாள். மற்ற பதினெட்டும் போனது போனதுதான். குறிஞ்சி 2018-ல் மறுபடி பூத்தது, இனி 2030-ல் பூக்கும். அம்மா அதன் நடுவில் நிற்க மாட்டார்களே!

எங்கள் ஊர் சூரிய ஆய்வுக்கூடத்தைச் சுற்றுலா வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். 1904 முதல் அங்கே சூரியனைப் படம் எடுத்து வருகிறார்கள். மேகம் மறைக்காத நாளெல்லாம் எடுத்த படங்கள் கண்ணாடித் தகடுகளிலும் பிலிமிலும் நூறு வருடத்துக்கு மேல் சேர்ந்திருக்கின்றன. இப்போது அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, உலகத்தில் எந்த விஞ்ஞானியும் பார்க்கும்படி செய்திருக்கிறார்கள். ஏற்றியாச்சே என்று தகடுகளைத் தூக்கிப் போட்டு விடவில்லை, பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அதே ஊரில் நான் என்ன செய்தேன்? சிடியைக் குருவிக்குக் கட்டினேன்!

சரி, பட்ட பிறகு வந்த புத்தியைச் சொல்கிறேன். மகனின் லேப்டாப்பில் இருந்த விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவு முடிந்தது. இந்த முறை கடைக்குப் போகவில்லை. அக்கா மகன் போனில் சொல்லச் சொல்ல நானே செய்தேன். செய்த வரிசை இது:

முதலில், அந்த லேப்டாப் விண்டோஸ் 11-ஐத் தாங்குமா என்று பார்த்தேன். இதற்கென்றே 'பிசி ஹெல்த் செக்' என்று மைக்ரோசாப்ட் ஒரு சாப்ட்வேரை இலவசமாகத் தருகிறது. நம் பிரிண்டருக்கும் மெஷினுக்கும் புது விண்டோஸுக்கான டிரைவர் இருக்கிறதா என்பதையும் அப்போதே அந்தந்த நிறுவனத்தின் தளத்தில் பார்த்துவிட வேண்டும். இல்லையென்றால் மாற்றாமல் இருப்பதே மேல்.

இரண்டாவது, மூன்று பிரதி. கம்ப்யூட்டரில் இருப்பது ஒன்று. வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று. வீட்டைவிட்டு வெளியே ஒன்று. என் வெளிப் பிரதி பழநியில் அக்கா வீட்டு பீரோவில் இருக்கிறது. போட்டோ, கணக்கு மட்டும் இணையத்திலும் உண்டு. 2018-ல் கஜா புயல் எங்கள் மலையில் மரங்களைச் சாய்த்துக் கரண்ட்டை நிறுத்திய நாட்களை மறக்க முடியுமா? ஒரே கூரைக்கு அடியில் பத்துப் பிரதி வைத்தாலும் கூரை போனால் பத்தும் போகும். இன்னொன்று, டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் ஃபோல்டர்களையும் பாருங்கள். நாம் அவசரத்துக்கு எதையாவது வைத்துவிட்டு மறப்பது அங்கேதான்.

மூன்றாவது, எடுத்த பிரதியை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். ஊறுகாய் போட்டுவிட்டு ஜாடியைத் திறக்காமலே ஒரு வருடம் விடுவோமா? திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பாதீர்கள்.

நான்காவது, பழைய விண்டோஸைத் திரும்பப் போடும் வழியை முன்னமே கையில் எடுத்தேன். விண்டோஸ் 10-ஐப் போடும் பென் டிரைவை மைக்ரோசாப்ட் தளத்திலிருந்தே இலவசமாகச் செய்துகொள்ள முடிந்தது. குறைந்தது 8 ஜிபி வேண்டும். அதில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், ஆகவே காலியான பென் டிரைவாக எடுங்கள். எங்கள் மேட்டு இணையத்தில் அவ்வளவு பெரியதை இறக்க முடியாது என்பதால், அக்கா மகன் பழநியில் தயார் செய்து, பஸ்ஸில் வந்த உறவினர் கையில் கொடுத்தனுப்பினான். ஆப்பிள் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கும் பழைய பதிப்புகளுக்கான வழி அந்த நிறுவனத்தின் தளத்திலேயே இருக்கிறது. எதுவானாலும் செய்த நிறுவனத்திடமிருந்தே எடுங்கள். முகம் தெரியாத தளமும் 400 ரூபாய் டிவிடியும் வேண்டவே வேண்டாம்.

ஐந்தாவது, சாவிகள். விண்டோஸ் சாவி, சாப்ட்வேர் சாவி எல்லாவற்றையும் பால் கணக்கு எழுதும் நோட்டில் எழுதினேன். 'பிட்லாக்கர்' என்ற பூட்டு போட்ட கம்ப்யூட்டராக இருந்தால், மாற்றும்போது 48 இலக்க எண் கேட்கக்கூடும். அது இல்லாவிட்டால் நம் பொருளை நாமே எடுக்க முடியாது. அதையும் எழுதிவைத்தேன்.

பிறகுதான் மாற்றினேன். பேட்டரி நிறைய சார்ஜ் ஏற்றி, ஒயரையும் செருகியே வைத்தேன். நடுவில் கரண்ட் போனால் கதை கந்தலாகிவிடுமே.

மாற்றிய பிறகு பிடிக்கவில்லையா? பழையதை அழிக்காமல் அதன் மேலேயே மாற்றியிருந்தால், முதல் பத்து நாளுக்குள் திரும்பிப் போக வழி உண்டு. செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ரெக்கவரி, அதில் 'கோ பேக்'. இடம் போதவில்லை என்று பழைய விண்டோஸ் ஃபோல்டரை அழித்துவிட்டால் இந்த வழி அடைபடும். ஆகவே அந்தப் பத்து நாளில் எல்லாவற்றையும் ஓட்டிப் பாருங்கள்.

எம்பிராய்டரி கம்ப்யூட்டரை விண்டோஸ் 7-லேயே விட்டுவிட்டேன். அதற்கு இணையம் கிடையாது, பேங்க் வேலையும் அதில் கிடையாது. டிவிடியும் ஹார்ட் டிஸ்க்கும் இப்போது மூடி இறுகிய டப்பாவில், செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களோடு இருக்கின்றன. வருடத்துக்கு ஒரு தரம், தை மாதம் வீட்டைத் துடைக்கும்போது, அவற்றையும் போட்டுப் பார்க்கிறேன்.

2011 செப்டம்பர் 15 முதல் அரசு கொடுத்த இலவச லேப்டாப்கள் எத்தனையோ வீட்டில் பரண் மேல் கிடக்கின்றன. பிள்ளைகளின் கல்லூரிப் படங்கள் அதில்தான் இருக்கும். பழைய இரும்புக்குப் போடும் முன் ஒரு நாள் உட்கார்ந்து பிரதி எடுங்கள். அந்தப் பழைய கம்ப்யூட்டர்களுக்குப் புது விண்டோஸ் கனம். லினக்ஸ் இலவசம், அதில் சில வகைகள் குறைந்த நினைவகத்திலும் ஓடும். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸில் தமிழும் உண்டு.

கடையில் கொடுப்பதாக இருந்தாலும் தவறில்லை. "பேக்கப் வேணுமா?" என்று கேட்டால் வெட்கப்படாதீர்கள். 'அப்படின்னா என்ன தம்பி?' என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியை நான் கேட்காததற்குக் கொடுத்த விலை, அம்மாவின் பதினெட்டுப் படங்கள்.

மிஞ்சிய ஒரு படம் இப்போது நான்கு இடத்தில் இருக்கிறது. அக்காவின் பூஜை அறையில் மாட்டியிருப்பதையும் சேர்த்துத்தான்!

- ஒரு வாசகி, நாயுடுபுரம், கொடைக்கானல்.