சப்நெட் பிரித்தாயிற்று; எந்த ரூட்டிங் புரோட்டோகால்?

ஆரணியில் பட்டுச் சேலை வியாபாரம் செய்யும் என் மாமாவின் கடையையும், அடுத்த தெருவிலுள்ள குடோனையும் நெட்வொர்க்கில் இணைத்துக் கொடுத்தேன். இரு பக்கமும் ஒரு ரூட்டர். சனிக்கிழமை மாலை நெசவாளர்களுக்குக் கூலி தர வேண்டும். குடோன் கம்ப்யூட்டரில் உள்ள சேலை வரவுக் கணக்கு கடையில் திறக்கவில்லை. மாமா நோட்டைப் பார்த்துப் பணம் கொடுத்தார். ஒருவருடைய இரண்டு சேலைகள் நோட்டில் ஏறவில்லை. அவருக்குத் திங்கட்கிழமைதான் மீதிக் கூலி கிடைத்தது. தவறு என்னுடையது.

192.168.10.0 நெட்வொர்க்கை நான் இப்படிப் பிரித்திருந்தேன்.

கடை: 192.168.10.0, மாஸ்க் 255.255.255.128
குடோன்: 192.168.10.128, மாஸ்க் 255.255.255.192
ரூட்டர்களுக்கு இடையே: 192.168.10.192, மாஸ்க் 255.255.255.252

கணக்கு சரிதான். ஆனால் ரூட்டரில் ரிப் முதல் பதிப்பை இயக்கியிருந்தேன். 1988ல் ஆர்எஃப்சி 1058 ஆக வெளியான இது, நெட்வொர்க் முகவரியை மட்டும் அனுப்பும். சப்நெட் மாஸ்க்கை அனுப்பாது. மனை எண்ணைச் சொல்லி அளவைச் சொல்லாதது போல! எல்லா சப்நெட்டுக்கும் ஒரே மாஸ்க் என்றால் பிரச்னை இல்லை. மாஸ்க் மாறியதால், என் ரூட்டர்கள் எந்தப் பிழைச் செய்தியும் தராமல் அந்த வழிகளை விட்டுவிட்டன. ரூட்டிங் டேபிளைப் பார்த்தபோது எதிர்ப்பக்க சப்நெட் அதில் இல்லை.

இரு ரூட்டர்களிலும் ரிப் அமைப்பில் வெர்ஷன் 2 எனக் கொடுத்தேன். இது மாஸ்க்கையும் சேர்த்து அனுப்பும். சற்று நேரத்தில் டேபிள் நிறைந்தது. சப்நெட்டுகளுக்கு நடுவே வேறு நெட்வொர்க் குறுக்கிட்டால், ஆட்டோ சம்மரியையும் நிறுத்திவிடவும்.

சரி, உங்களுக்கு எது பொருந்தும்?

ஒரே ரூட்டர் எனில் புரோட்டோகாலே வேண்டாம். தன்னோடு நேரடியாக இணைந்த சப்நெட்டுகளை அது தானே அறியும்.

இரண்டு ரூட்டர், ஒரே பாதை எனில் ஸ்டேட்டிக் ரூட் போதும். உண்மையில் மாமா கடைக்கும் இதுவே போதுமானது.

சில ரூட்டர்கள் எனில் ரிப் வெர்ஷன் 2. பாதையில் 15 ரூட்டர்களுக்கு மேல் இது செல்லாது.

பல ரூட்டர்கள், மாற்றுப் பாதைகள், வெவ்வேறு வேகங்கள் எனில் ஓஎஸ்பிஎஃப். ரிப் எத்தனை ரூட்டர் என்று மட்டுமே எண்ணும். இதுவோ இணைப்பின் வேகத்தையும் கணக்கில் கொண்டு பாதையைத் தேர்ந்தெடுக்கும்.

எதை அமைத்தாலும், வேலையை ஒப்படைக்கும் முன் ரூட்டிங் டேபிளைத் திறந்து எல்லா சப்நெட்டும் உள்ளனவா எனப் பார்த்துவிடுங்கள். நான் அதைச் செய்யாததால்தான் ஒருவர் இரண்டு நாள் கூலிக்குக் காத்திருந்தார்.