பூமியின் நிழல் எழும் கடற்கரை

காரைக்காலில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல், முன்னால் ஒரு பிள்ளையும் பின்னால் ஒரு பிள்ளையுமாக வண்டியில் கிழக்கே போகிறவரிடம் எங்கே போகிறீர்கள் என்று கேட்க வேண்டியதில்லை. பீச்சுக்குத்தான். நகருக்குத் தெற்கே ஓடும் அரசலாறு கடலில் கலக்கிற இடமும், அதை ஒட்டி நீளும் மணற்பரப்பும் நடைபாதையும்தான் இந்த ஊரின் பொதுமுற்றம். மொத்த மாவட்டமே சுமார் 160 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை இரண்டு லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்தது. கடல் நீங்கலாகச் சுற்றிலும் தமிழ்நாடு. ஒன்றியப் பகுதியின் தலைநகரான புதுச்சேரியோ வடக்கே சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி. 1739இல் வந்த பிரெஞ்சுக்காரர்கள் 1954 வரை இருந்து என்னென்னவோ கட்டிவிட்டுப் போனார்கள். பொழுது சாய்ந்ததும் போய் உட்காரும் இடத்தை மட்டும் யாரும் கட்டவில்லை. அது காவிரியின் கிளைகள் கொண்டுவந்து கொட்டிய மணல்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, சுனாமி இந்தக் கரையோர மீனவக் கிராமங்களில் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகும் ஊர் கடலுக்கு முதுகைக் காட்டிவிடவில்லை. மாலையானால் கடற்கரைக்கு வருவதற்கு ஆளுக்கொரு காரணம் இருக்கும். இயற்பியலும் ஒரு காரணம் சொல்கிறது.

சித்திரை, வைகாசி வெயிலில் நண்பகல் உலர்ந்த மணலில் வெறுங்காலோடு நடக்க முடியாது. மேல்மணல் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். பத்தடி தள்ளி, அதே வெயிலை வாங்கும் கடல்நீரோ 30 டிகிரியை ஒட்டியே நிற்கும். ஒரு கிராம் தண்ணீரைச் சூடேற்ற, ஒரு கிராம் மணலுக்குத் தேவைப்படுவதைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு வெப்பம் வேண்டும் என்பது பாதிக் கதைதான். வெயில் தண்ணீருக்குள் பல மீட்டர் ஊடுருவிப் போகிறது. அலைகள் அதை ஓயாமல் கலக்கிவிடுகின்றன. மணலிலோ எல்லாச் சூடும் மேல்தோலிலேயே தங்கிவிடுகிறது. அதனால் பகலும் இரவும் சேர்ந்தும் கடலின் மேற்பரப்பு வெப்பத்தை ஒரு டிகிரி அசைப்பதே அரிது. நிலம் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

சூடேறிய நிலத்தின் மேலுள்ள காற்று இலகுவாகி மேலெழ, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. பள்ளிப் பாடத்தில் படித்த கடற்காற்றுதான். ஆனால் பாடநூல் சொல்லாத ஒரு சிக்கல் சோழமண்டலக் கரையில் உண்டு. வைகாசியிலிருந்து ஆவணி வரை, தென்மேற்குப் பருவக்காற்று தமிழகத்தைக் குறுக்கே கடந்து மேற்கிலிருந்து அடிக்கிறது. மீனவர்கள் அதைக் கச்சான் என்பார்கள். காய்ந்து, சூடாக, கடலை நோக்கி அடிக்கும் காற்று அது. கடற்காற்று அதோடு மல்லுக்கட்டித்தான் கரையேற வேண்டும். கச்சான் வலுவிழந்த நாளில் நண்பகலுக்கே ஊருக்குள் ஈரக்காற்று நுழைந்துவிடும். கச்சான் வலுத்த நாளில் கடற்காற்று மூன்று, நான்கு மணிவரை கடல்மேலேயே தடுக்கப்பட்டு நிற்கும்; அன்றைக்கு ஊர் வெந்துபோகும். ஒரே வாரத்தில் அடுத்தடுத்த இரண்டு நாட்களின் உச்ச வெப்பம் நான்கைந்து டிகிரி வேறுபடுவதற்கு, பெரும்பாலும் இந்த மல்லுக்கட்டின் முடிவுதான் காரணம்.

காற்று திரும்பும் கணத்தை ஊருக்குள் இருந்தே கண்டுபிடிக்கலாம். கிழக்கே பார்த்துச் சாய்ந்திருந்த கொடித்துணி ஒரு நிமிடம் செத்துத் தொங்கும். பிறகு எதிர்ப்பக்கம் விரியும். உப்பும் மீனும் கலந்த வாடை வரும். சில நிமிடங்களுக்குள் வெப்பம் மளமளவென்று இறங்கும். இப்படி நுழையும் குளிர்காற்றின் முகப்பு மெல்ல மேற்கே நகர்ந்து, திருநள்ளாற்றைத் தாண்டி டெல்டாவின் உட்பகுதிக்கும் போகும். வழியில் அது மேற்குக் காற்றை முட்டித் தூக்கிவிடும் இடத்தில்தான், ஆடி மாதத்து அந்திகளில் மேற்கே மின்னலும் இடியும் கிளம்புகின்றன.

இந்தக் காற்று ஈரமானது; உடம்பு பிசுபிசுக்கும். ஆனாலும் தோலைவிட நாலைந்து டிகிரி குறைவான வெப்பத்தில், நில்லாமல் வீசுவதால் சுகமாக இருக்கிறது. உள்ளூர்ப் பூங்காக்களில் மதில் எழுப்பி, அலங்கார வளைவு வைத்து, சிமெண்ட் பெஞ்சும் போட்டுவிட்டு ஏன் கூட்டம் வரவில்லை என்று யோசிப்பவர்கள், முதலில் அந்த மதில் காற்றை விடுகிறதா என்று பார்க்கலாம்.

மணலுக்கு வருவோம். ஆறு மணிக்கு உட்கார்ந்தால் மேல்மணல் ஆறியிருக்கும். சுண்டல் பொட்டலத்தை ஓரமாக வைத்துவிட்டு, விரலால் நான்கு விரற்கடை தோண்டிப் பாருங்கள்: உள்ளே கதகதப்பு. நண்பகல் சூடு இப்போதுதான் அந்த ஆழத்துக்கு வந்து சேர்கிறது. உலர்ந்த மணலில் துகளுக்குத் துகள் தொடுமிடம் சிறிது. இடையில் நிறையக் காற்று. அதனால் வெப்பம் கீழே இறங்க மணிக்கணக்காகிறது. இறங்க இறங்கத் தேய்ந்தும் போகிறது. ஏழெட்டு சென்டிமீட்டர் ஆழத்தில் உச்சச் சூடு ஏறக்குறைய நான்கு மணி நேரம் தாமதமாக வரும். அளவும் மேலே இருந்ததில் மூன்றிலொரு பங்கு சொச்சம்தான். இன்னும் தோண்டினால் ஈரமணல், குளிர்ச்சி. ஒரு முழ ஆழத்தில் பகலென்ன இரவென்ன, வித்தியாசமே தெரியாது.

இதைப் பிள்ளைகள் துரத்தும் நண்டுகள் நன்றாக அறியும். தண்டின் நுனியில் கண்ணை நிமிர்த்திக்கொண்டு, பக்கவாட்டில் பறந்து, வளைக்குள் மறையும் இந்த நண்டுகள் தண்ணீரில் வாழ்வதை ஏறக்குறைய விட்டுவிட்டவை. ஆனால் மூச்சு விடுவது இன்னும் செவுளால்தான். செவுள் காய்ந்தால் உயிர் போய்விடும். எனவே ஈரமணல் தட்டும்வரை வளை தோண்டி, பகல் வெயிலை அங்கே கழிக்கின்றன. கால்களின் அடிப்பகுதியில் உள்ள மயிர்க்கற்றையால் மணலின் ஈரத்தையே உறிஞ்சிச் செவுளை நனைத்துக்கொள்கின்றன.

தை முதல் பங்குனி வரை நாகப்பட்டினக் கடலோரத்துக்கு முட்டையிட வரும் பங்குனி ஆமைக்கும் அந்த ஒரு முழக் கணக்கு தெரியும். பின்கால்களால் சுமார் 45 சென்டிமீட்டர் குழி பறித்து, நூறை ஒட்டி முட்டைகளை இட்டு, மூடிவிட்டுப் போய்விடும். நண்பகல் கொதிப்பு எட்டாத ஆழம் அது. குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் அந்த ஆழத்து மணல்தான் முடிவுசெய்கிறது. 30 டிகிரியை ஒட்டிய ஒரு எல்லைக்கு மேல் போனால் பெரும்பாலும் பெண்; கீழே போனால் ஆண். ஐம்பது நாள் சுமாருக்குப் பின் இரவில் வெளிவரும் குஞ்சுகள், அடிவானத்தில் வெளிச்சமாக இருக்கும் பக்கம் ஓடும். கோடிக்கணக்கான ஆண்டுகளாக அந்த வெளிச்சம் கடலின் பக்கம்தான் இருந்தது.

இனி, கடற்கரைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பார்த்தும் பார்க்காமல் விட்டுவிடும் ஒன்று. கிழக்குக் கரையில் சூரிய அஸ்தமனம் கிடையாது, அது மேற்குக் கரைக்காரர்களின் அதிர்ஷ்டம் என்று குறைப்பட்டுக்கொள்வது நம் வழக்கம். உண்மையில் அஸ்தமனத்தின் மறுபாதி நம் பக்கம்தான் நடக்கிறது. சூரியன் முதுகுக்குப் பின்னால் தென்னந்தோப்புகளுக்குக் கீழே இறங்கி மறைந்த சில நிமிடங்களில், கடலின் விளிம்பை ஒட்டிச் சாம்பலும் நீலமும் கலந்த ஒரு பட்டை கிடைமட்டமாகத் தலைதூக்கும். அதற்கு மேலே இளஞ்சிவப்பில் இன்னொரு பட்டை. மேகமூட்டம் என்று நினைத்துக்கொள்வோம். மேகமல்ல, கீழ்ப்பட்டை பூமியின் நிழல். நாம் நிற்கும் இந்த உருண்டை, கிழக்கு வானத்துக் காற்றின்மேல் விழுத்தும் நிழல். மேலே சிவந்திருப்பது இன்னும் வெயில் படும் காற்று. நெடுந்தூரம் வளிமண்டலத்தைக் கடந்து, நீலத்தை இழந்து, சிவந்துபோன கடைசிக் கதிர்கள் அங்கே பட்டு நம்மை நோக்கித் திரும்புகின்றன. மேலைநாட்டார் அந்தப் பட்டைக்கு வீனஸின் மேகலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

மறைப்பில்லாத நேரான அடிவானம் வேண்டும் என்பதால் ஊருக்குள் இதைப் பார்ப்பது கடினம். கடல்தான் வாகு. அதிலும் அவசரம் வேண்டும். நம் அகலக்கோட்டில் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குவதால் நிழலும் விறுவிறுவென்று ஏறும். கால்மணி நேரத்தில் இரண்டு பட்டைகளும் கரைந்து ஒரே இருட்டாகிவிடும். லண்டனில் ஜூன் மாதத்து அந்தி வெளிச்சம் முக்கால் மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும். இங்கே இருபது நிமிடம் சொச்சம்தான்.

அந்த நேரத்தில் சரியாக விளக்கைப் போட்டுவிடுகிறோம் என்பதுதான் என் மனத்தாங்கல். உயர்கம்ப விளக்கின் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை ஒளியில் நிழலும் தெரியாது, மேகலையும் தெரியாது. ஆமைக்குஞ்சுக்குக் கடல் எந்தப் பக்கம் என்பதும் தெரியாது. விளக்கே வேண்டாம் என்று சொல்ல முடியாது. பெண்களும் பிள்ளைகளும் அச்சமில்லாமல் நடமாட வெளிச்சம் வேண்டும். ஆனால் வெளிச்சம் நடைபாதையில் விழுந்தால் போதும், கடலுக்கு வேண்டியதில்லை. மூடியிட்டுக் கீழ்நோக்கித் திருப்பிய, தாழ்வான, மஞ்சள் ஒளி விளக்குகள் எத்தனையோ நாடுகளின் ஆமைக் கரைகளில் வழக்கத்துக்கு வந்துவிட்டன.

நிழலைப் பார்க்க நல்ல நாள் எது என்றால், பௌர்ணமி. பூமியின் நிழல் ஒரு கூம்பு. விண்வெளிக்குள் சுமார் 14 லட்சம் கிலோமீட்டர் நீள்கிறது. சூரியனுக்கு நேரெதிரே இருக்கும்போதுதான் நிலா முழுதாகத் தெரியும் என்பதால், அது எப்போதும் அந்தக் கூம்பின் பக்கத்திலேயே இருக்கும். உள்ளே புகுந்துவிட்டால் கிரகணம். ஆகவே பௌர்ணமி மாலை, சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி, கடல் விளிம்பில் நிழல் எழும் இடத்தின் அருகிலேயே நிலாவும் எழும்.

ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டித்தான் காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் வீதியுலாவில் வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசுவார்கள். ஊரே தெருவில் இருக்கும். அந்தப் பௌர்ணமியன்று மாலை 6.35 சுமாருக்குச் சூரியன் வடமேற்கே சாய்ந்து மறையும். எனவே நிலாவை நேர் கிழக்கே தேடக் கூடாது. தெற்கே, நாகூர்ப் பக்கமாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். தை மாதத்தில் கணக்கு அப்படியே தலைகீழாகி, பௌர்ணமி நிலா வடகிழக்கே, தரங்கம்பாடிப் பக்கம் எழும். ஆனி மாதத்துக் கச்சானால் கடல்மேல் மேகம் திரண்டு ஏமாற்றவும் கூடும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்றால், நிலா ஏறக்குறைய 50 நிமிடம் பிந்திவிடும். அதற்குள் நிழல் வானம் முழுக்க ஏறியிருக்கும்.