செட்டிநாட்டில் மார்கழிப் பிரயாணம்

குளிர்காலம் வந்துவிட்டால் மேனாட்டார் வெயிலைத் தேடிக் கடல் கடந்து புறப்படுவார்கள். நமக்கு அந்தச் சிரமம் இல்லை. வருஷத்தில் பத்து மாதம் வெயில் நம் வீட்டு வாசலிலேயே காவல் காத்து நிற்கிறது. அது சற்றே கண்ணயரும் காலம் மார்கழியும் தையும். வானம் பார்த்த செம்மண் பூமியான செட்டிநாட்டைச் சுற்றிப் பார்க்க இவ்விரண்டு மாதங்களைவிட நல்ல காலம் கிடையாது. அடைமழை ஓய்ந்து ஊருணிகளில் தண்ணீர் நிற்கும் சமயம் அது. சென்னையில் பிற்பகல் பல்லவன் வண்டியில் ஏறினால், இரவு உறங்கும் வேளைக்குக் காரைக்குடி போய்ச் சேரலாம்.

புறப்படுமுன் ஒரு வேண்டுகோள். பெருங் கும்பலாகப் போக வேண்டாம். ஐந்தாறு பேர் கொண்ட சிறு கோஷ்டியே உசிதம். நாம் பார்க்கப் போவது பொருட்காட்சி சாலை அல்ல, பிறர் வீடு. பூட்டிக் கிடக்கும் மாளிகையின் சாவி காவற்காரரிடம் இருக்கும். அல்லது உள்ளே ஒரு மூலையில் வயதான ஆச்சி ஒருவர் தனியே வசித்துக் கொண்டிருப்பார். ஐம்பது பேர் பாதரட்சை சப்தத்துடன் நுழைந்தால் அவர் என்ன செய்வார்? நாலைந்து பேர் வணக்கமாய்க் கேட்டால் கதவும் திறக்கலாம், கதையும் கிடைக்கலாம்.

நகரத்தார் குடியேறிய ஊர்கள் ஆதியில் 96 என்பார்கள். இப்போது எழுபதுக்குச் சற்று மேல். அவற்றில் கானாடுகாத்தான் ஒன்றைச் சாவகாசமாகப் பார்த்தாலே போதும். வீட்டின் முகப்பு ஒரு தெருவில். கொல்லை வாசல் அடுத்த தெருவில். நடுவே வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நீண்டு கொண்டே போகும். பர்மாத் தேக்குத் தூண், இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி இவற்றைக் கண்டு வாயைப் பிளக்காதவர் இல்லை. ஆனால் எனக்கு வியப்பளிப்பவை வேறு. சுண்ணாம்பும் கடுக்காயும் முட்டை வெள்ளைக் கருவும் சேர்த்துப் பூசிய சுவர் நூறு வருஷம் கழித்தும் கண்ணாடி போல் மின்னுகிறது; தொட்டால் ஜில்லென்றிருக்கிறது. நாற்புறக் கூரையும் உள்நோக்கிச் சரிந்து, மழைநீரை வளவு முற்றத்தில் கொண்டு வந்து சேர்க்கிறது. முற்றத்தைச் சுற்றிலும் அறைகள். மணமான ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று. கல்யாணமானதும் ‘வேறு வைத்து’ விடுவார்கள். கூரை ஒன்று, அடுப்பு தனி. கூட்டுக் குடும்பச் சண்டைக்கு இதைவிடச் சிறந்த மருந்தை எந்த வக்கீலும் கண்டுபிடித்ததில்லை.

இவ்வளவு பணமும் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி பர்மாவிலிருந்து, இலங்கை, மலேயா, ஸைகோனிலிருந்தும் கொஞ்சம். கீழ் பர்மாவின் நெல் வயல்களில் நூற்றுக்கு 6 பங்கு 1930-ல் நகரத்தார் கையில் இருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்து, கடன் வாங்கிய குடியானவர்கள் நிலத்தை இழக்கவே, அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் அது நூற்றுக்கு 25 ஆயிற்று. அந்த லாபம் இரு தரப்பாருக்கும் துக்கமாகவே முடிந்தது. 1942-ல் ஜப்பானியர் வந்தனர். 1948-ல் சுதந்திர பர்மா நிலத்தை தேசிய மயமாக்கியது. கட்டிய வீடு மட்டும் இங்கே நின்றது.

1927 செப்டம்பரில் மகாத்மா காந்தி இப்பக்கம் சுற்றுப்பிரயாணம் செய்தபோது இந்த மாளிகைகளில் தங்கினார். அந்நிய நாட்டு மேஜை நாற்காலிகள் அடைத்துக் கிடப்பதைப் பார்த்து, இவ்வீடுகளை அலங்கரிக்கும் கண்டிராக்டைத் தம்மிடம் விட்டால் பத்தில் ஒரு பங்குச் செலவில் இதைவிட அழகாகவும் காற்றோட்டமாகவும் செய்து தருவதாகச் சொன்னார்! அந்தச் சாமான்கள் இன்று தாமாகவே வெளியேறிக் கொண்டிருக்கின்றன. ஆனால் அவர் விரும்பிய விதத்தில் அல்ல. பாட்டனார் கட்டிய ஒரு வீட்டுக்கு இப்போது டஜன் கணக்கில் பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில். ஓட்டை மாற்ற யார் பணம் கொடுப்பது என்று பேசி முடிவதற்குள் மழை பேசி முடித்துவிடுகிறது. பிறகு வீடு பிரிக்கப்படுகிறது. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் கதவு, நிலை, தூண், பூஜை அறைப் படம் எல்லாம் விலைக்குக் கிடைக்கின்றன.

கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் பிரித்ததை விற்கிறார். வாங்கும் ஆசை நமக்கு இருக்கும் வரையில் பிரிப்பதற்கும் ஆள் இருக்கும். ஆகையால் தூணை வாங்காதீர்கள். வாங்கித்தான் தீர வேண்டுமென்றால் ஆத்தங்குடிக்குப் போங்கள். அங்கே கண்ணாடிப் பலகை மேல் அச்சை வைத்து, வர்ணச் சிமெண்டுக் குழம்பைக் கையால் ஊற்றிப் பூ வரைகிறார்கள். மேலே மணலும் சிமெண்டும் இட்டுத் தண்ணீரில் ஊற வைக்கிறார்கள். சூளையே கிடையாது. கண்ணாடியை எடுத்தால் கல்லின் முகம் வழவழவென்று வருகிறது. நடக்க நடக்க மெருகு ஏறுகிறது. பனையோலைக் கொட்டானும், 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலையும் உண்டு. இவற்றுக்குக் கொடுக்கும் காசு எந்த வீட்டையும் இடிக்காது. சில மாளிகைகள் விருந்தினர் விடுதிகளாகியிருக்கின்றன. வாடகை கொஞ்சம் அதிகந்தான். ஆனாலும் கூரை ஒழுகாமல் இருக்கிறதே!

பிள்ளையார்பட்டிக் குடைவரைக் கோயிலையும் திருமயம் கோட்டையையும் வழிகாட்டிப் புத்தகங்கள் சொல்லும். நான் சொல்ல வேண்டியதில்லை. முடிந்தால் உங்கள் பிரயாணத்தைத் தை மாதம் வரையில் தள்ளிப் போடுங்கள். குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடிகள் நடையாய்ப் புறப்படும் மாதம் அது. கல்யாண மாதமும் அதுவே. எந்தத் தேசத்தில் பிழைத்தாலும், பிள்ளைகளின் திருமணத்தைப் பூர்வீக வீட்டில் நடத்தும் வழக்கத்தைப் பலர் இன்னும் விடவில்லை. ஆறு மாதம் பூட்டிக் கிடந்த கதவு அன்று திறக்கும். வளவில் பாய் விரிப்பார்கள். பங்காளிகள் அத்தனை பேரும் வந்து உட்காருவார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவிலேயே யாராவது ஒருவர் அண்ணாந்து பார்த்து, உடைந்த ஓட்டைப் பற்றிப் பேச்செடுப்பார்.