நீண்ட ஆங்கிலச் சொல்லுக்கு அஞ்ச வேண்டாம்

டாலிகஞ்சில் நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் இந்தியும் பேசுகிறார்கள். ஆங்கிலமோ பெரும்பாலும் ஏட்டில் கற்ற மொழி. பிழையின்றி எழுதும் பிள்ளைகூட நேர்முகத் தேர்வில் நீண்ட சொல் வந்தால் தயங்குகிறது. இதைக் கண்டு அஞ்சி, வீட்டில் தமிழ் பேசுவதையே நிறுத்திவிடும் பெற்றோரும் உண்டு. அது தேவையில்லை. குறை தமிழில் இல்லை; அழுத்தம் இடம் மாறுவதே காரணம்.

தமிழில் குறில் நெடிலானால் பொருள் மாறும்: கல், கால். அழுத்தத்தால் பொருள் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் மாறும். 'பெர்மிட்' என்பதில் முதல் அசை ஓங்கினால் அனுமதிச் சீட்டு. இரண்டாம் அசை ஓங்கினால் 'அனுமதி' என்னும் வினை.

முதலில் சொல்லை அசை பிரிக்க வேண்டும். நம் யாப்பின் நிரையசையில் இரண்டு உயிரொலிகள் வரும். ஆங்கில அசையில் ஒன்றுதான். ஆகவே எழுத்தை எண்ணாமல், மேசையில் தட்டிக் காதால் எண்ணுங்கள்.

அடுத்து, சொல்லின் கடைசியைப் பாருங்கள். ரயில் முழுமையாக வந்துவிட்டதா என்பதைக் கடைசிப் பெட்டியில் மாட்டிய 'எல்.வி.' பலகையைப் பார்த்தே உறுதி செய்வோம். இங்கும் அப்படித்தான்.

'ஷன்' என முடிந்தால் அதற்கு முந்திய அசையில் அழுத்தம்: எக்-ஸா-மி-நே-ஷன், நான்காவது. 'இக்' என முடிந்தாலும் முந்திய அசையே: எ-லெக்-ட்ரிக், இரண்டாவது. 'இட்டி' என முடிந்தால் கடைசியிலிருந்து மூன்றாவது: எ-லெக்-ட்ரி-ஸி-ட்டி. 'மென்ட்' சேர்ந்தால் அழுத்தம் நகராது: 'டெவலப்', 'டெவலப்மென்ட்' இரண்டிலும் இரண்டாம் அசைதான். நம்மவர் பலர் முதல் அசையை அழுத்துகிறோம். என் தொழிற்பெயரான 'என்ஜினியர்' கடைசி அசையில் ஓங்கும்.

ஒரே குடும்பத்துச் சொற்களைச் சேர்த்துச் சொல்வது நல்ல பயிற்சி. போட்டோகிராப்: முதல் அசை. போட்டோகிராபி: இரண்டாம் அசை. போட்டோகிராபிக்: மூன்றாம் அசை.

விதிவிலக்குகளும் உண்டு. 'அரித்மெட்டிக்' என்னும் கணக்குப் பாடத்தின் பெயர் 'இக்' என முடிந்தாலும் அழுத்தம் இரண்டாம் அசையில். ஐயம் வந்தால் ஆக்ஸ்போர்டு அகராதியைப் புரட்டுங்கள். உச்சரிப்புக் குறிப்பில், அழுத்தம் பெறும் அசைக்கு முன்னால் மேலே சிறு செங்குத்துக் கோடு இருக்கும்.

நாளுக்கு ஒரு சொற்குடும்பம் போதும். குறில் நெடில் பிரித்தறியப் பழகிய காது நம் பிள்ளைகளுடையது. அந்தக் காதுக்கு இது எட்டாத வித்தையன்று. வீட்டில் தமிழ் தொடரட்டும். ஆங்கிலமும் தானே திருந்தும்.