குதிரை லாயத்தில் ஆஸ்பத்திரி

கர்நாடகத்தில் ஹம்பி என்ற ஊர் இருக்கிறது. விஜயநகர மன்னர்களின் யானைக் கொட்டாரம் அங்கே இன்றும் நிற்கிறது. வரிசையாக 11 அறைகள். மேலே உருண்டையான கூரைகள். இந்தக் கூரைக்குக் குவிமாடம் என்று பெயர். யானைகள் போய்விட்டன. கட்டடத்தைப் பார்க்க மக்கள் வருகிறார்கள்.

குவிமாடம் வைத்த ஒரு குதிரை லாயம் கடல் கடந்து இங்கிலாந்திலும் இருக்கிறது. அதன் கதையில் நம் நாட்டுச் சிப்பாய்களும் வருகிறார்கள்.

ஊரின் பெயர் பிரைட்டன். கடற்கரை ஊர். சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் இளவரசர் ஜார்ஜ் அங்கே லாயம் கட்டினார். கட்டியது இந்தியப் பாணியில். குவிமாடத்தின் அகலம் 80 அடி. உள்ளே 44 குதிரைகளுக்கு இடம். இளவரசரைவிடக் குதிரைகளுக்கே வசதி அதிகம் என்று ஜனங்கள் கேலி பேசினார்கள்.

1850-ல் அரண்மனையையும் லாயத்தையும் ஊர் நிர்வாகம் விலைக்கு வாங்கியது. 1867-ல் லாயம் கச்சேரி மண்டபம் ஆனது.

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. அப்போது நம் நாட்டை ஆங்கிலேயர் ஆண்டார்கள். இந்தியச் சிப்பாய்களைப் பிரான்சு நாட்டுப் போர்முனைக்கு அனுப்பினார்கள். குளிர் ஒரு பக்கம், குண்டு ஒரு பக்கம். காயம்பட்டவர்களைப் பிரைட்டனுக்குக் கொண்டுவந்தார்கள். குதிரைகள் நின்ற இடத்தில் கட்டில்கள் போட்டார்கள். அரண்மனையும் லாயமும் சேர்ந்து 700 கட்டில்களுக்கு மேல்.

அங்கே ஒன்பது சமையலறைகள் இருந்தன. எதற்கு இத்தனை? மதத்துக்கும் சாதிக்கும் தனித்தனிச் சமையல்! தண்ணீர்க் குழாய்கூட இந்துவுக்கு வேறு, முஸ்லிமுக்கு வேறு. சண்டையில் மட்டும் எல்லோரும் ஒன்றாக நின்றார்கள்.

அறிவிப்புகளை உருது, இந்தி, குர்முகி என்ற மூன்று எழுத்துகளிலும் எழுதி வைத்தார்கள். குர்முகி என்பது பஞ்சாபி மொழியின் எழுத்து. ஆனால் பல சிப்பாய்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டுக்குக் கடிதம் போட வேண்டுமானால், எழுதத் தெரிந்த இன்னொருவரிடம் சொல்ல வேண்டும். அந்தக் கடிதங்களை ராணுவ அதிகாரிகளும் படித்தார்கள். அதனால் சிலர் மறைத்துச் சொன்னார்கள். கறுப்பு மிளகு தீர்ந்துவிட்டது என்று ஒருவர் வீட்டுக்கு எழுதினார். கறுப்பு மிளகு என்றால் இந்தியச் சிப்பாய்கள்.

மீர் தஸ்த் என்ற இந்திய அதிகாரி விஷவாயுவில் பாதிக்கப்பட்டு அங்கே இருந்தார். 1915 ஆகஸ்டில் மன்னரே வந்து அவருக்கு விக்டோரியா கிராஸ் பதக்கம் குத்தினார். வீரத்துக்கு அதைவிடப் பெரிய பதக்கம் அவர்களிடம் இல்லை. அப்போது அவர் தமக்காக எதுவும் கேட்கவில்லையாம். ஒருமுறை காயம்பட்டவரை மறுபடி போருக்கு அனுப்ப வேண்டாம் என்றே கேட்டாராம்.

1916 தொடக்கத்தில் இந்தியர்களுக்கான ஆஸ்பத்திரி மூடப்பட்டது. லாயம் இப்போது மறுபடியும் கச்சேரி மண்டபம். அதன் ஒரு பகுதி அருங்காட்சியகம்.

பிரைட்டன் ஆஸ்பத்திரிகளில் இறந்த இந்து, சீக்கியச் சிப்பாய்கள் 53 பேரை ஊருக்கு வெளியே குன்றின்மேல் தகனம் செய்தார்கள். அந்த இடத்தில் 1921-ல் வெள்ளைச் சலவைக்கல்லில் ஒரு மண்டபம் எழுப்பினார்கள். அதற்குச் சத்திரி என்று பெயர். சத்திரி என்றால் குடை. அதன் கூரையும் ஒரு சிறு குவிமாடம்தான். ஆண்டுதோறும் ஜூன் மாதம் அங்கே மக்கள் கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள்.